கழிக்க மறந்த எடை

நான் லாரிகளுக்கு எடை போடுகிறவன். மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் போகும் சாலையில், ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஃபேக்டரிக்குப் பக்கத்தில் உள்ள எடை மேடையில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மரவள்ளிக் கிழங்கு, மக்காச்சோளம், கோழித் தீவனம், பழைய இரும்பு, எது வந்தாலும் எனக்கு ஒன்றுதான். லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மிஞ்சுவது சரக்கு. லோடு எடை போடும்போது கேபினில் நாலு பேர் இருப்பார்கள். காலி எடை போடும்போது நாலு பேரும் டீக்கடையில் இருப்பார்கள். நான் ஜன்னலைத் திறந்து தலையை எண்ணுவேன். தலை குறைந்தால் சீட்டு அடிக்க மாட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதுவதற்கில்லை.

பொய்ச் சீட்டு ஒன்றுகூட என் கையால் போனதில்லை. நூறு கிலோ கூட்டிப் போடச் சொல்லி வாழைத்தார் வந்திருக்கிறது, நாட்டுக்கோழி வந்திருக்கிறது, ஒரு தடவை அட்டைப்பெட்டியோடு புது மிக்ஸியே வந்திருக்கிறது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். மிக்ஸியைப் பற்றி மட்டும் இப்போதும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலை முழுதாகவும் வலது காலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது காலில் காலிப்பர் போட்டிருப்பேன். இரண்டு இரும்புக் கம்பி, தோல் பட்டைகள், அடியில் ஒரு கனமான பூட்ஸ். கக்கத்தில் ஒரு ஊன்றுகோல். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வேலைக்குப் போவேன், வருவேன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தார்கள், அவர்களும் என்னைப் பார்த்தார்கள், அத்தோடு சரி. அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. வீட்டில் நான் ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு லீவு. சனிக்கிழமை சாயங்காலம் கடைசி டிரைவரைத் திட்டிவிட்டு வந்தால், அடுத்து நான் வாயைத் திறப்பது திங்கட்கிழமை காலை முதல் டிரைவரைத் திட்டுவதற்குத்தான். நடுவில் உள்ள ஒரு நாளில் என் குரல் எனக்கே மறந்துவிடும்.

எனக்கு ஒரே தங்கை. நாலு வயது இளையவள். ஓமலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அங்கே பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர், சர்க்கரை வியாதிக்காரர். ஒரே மகள், பெங்களூரில், ஏழு மாத கர்ப்பிணி. போன வருடம் தங்கைக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அரசாங்கப் பட்டியலில் பெயர் பதிந்தார்கள். அது எப்போது வருமோ என்று டாக்டரே கையை விரித்தார். மாப்பிள்ளை கொடுக்க முடியாது, மகளைக் கேட்கவே முடியாது. மிச்சம் நான்.

நான் ஏன் அவ்வளவு அவசரமாக 'நான் கொடுக்கிறேன்' என்று சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கல்யாண மாப்பிள்ளை தாலி கட்டும் முன்னால், அவன் கூடப் பிறந்தவளைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரே சேலையின் ஒரு தலைப்பு அவனிடமும் மறு தலைப்பு அவளிடமுமாக வைத்துச் செய்யும் சீர். பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவளை மறக்க மாட்டேன் என்பதுதான் அதன் அர்த்தம். அன்றைக்கு அந்த வீட்டில் பெண்ணுக்கு அடுத்தபடியாக மரியாதை அவளுக்குத்தான். என் தங்கைக்கு அது கிடைக்கவே இல்லை. அண்ணன் கல்யாணம் செய்துகொண்டால்தானே? சொந்தக்காரர் கல்யாணங்களில் இணைச்சீர் நடக்கும்போதெல்லாம் அவள் சாப்பாட்டுப் பந்திப் பக்கம் போய்விடுவாள். ஒரு தடவை அவள் மகளிடம், "எனக்கு மட்டும் அந்தக் குடுப்பினை இல்லாமப் போச்சு சாமி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்குக் கரும்பு, இவையெல்லாம் நான் கொடுத்ததுதான். ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னைத் தாங்கிப் பிடித்தது அவள். பள்ளிக்கூடத்துக்கு என் பையையும் சேர்த்துச் சுமந்தவள் அவள். ஒரே ஒரு தடவை நான் அவளைத் தாங்க வேண்டும் என்று இருந்தேன். அது வாய்த்துவிட்டது என்று நினைத்தபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் சுற்றுப் பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது. ரத்த வகை ஒன்று. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள். அது உடம்பில் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதை வெளியே தள்ளிவிடும், ரத்தத்தில் குறைவாக இருக்கும். எனக்கு அரைக்குக் கொஞ்சம் மேலே. "காலேஜ் பையனுக்குக்கூட இப்படி வராதுங்க" என்றார் அங்கே தானம் கொடுக்கிறவர்களைக் கவனிக்கும் அம்மா. மாப்பிள்ளை என் தோளில் கை வைத்து அழுதார்.

அதற்கப்புறம் ஒரு மூன்று மாதம் நான் ராஜா மாதிரி இருந்தேன். மாப்பிள்ளை தினமும் போன் செய்து "சாப்ட்டீங்ளா மச்சான்" என்று கேட்டார். தங்கை ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓமலூருக்கு வரச் சொன்னாள். பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் வந்து, "மாமா, உடம்பப் பாத்துக்கங்க, மழையில நனையாதீங்க" என்றாள். அம்மா போனதிலிருந்து நான் மழையில் நனைவதைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லாமல் இருந்தது, திடீரென்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி பாரத்தில் 'மனைவியின் சம்மதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு அது பொருந்தாது என்று அந்த அம்மா கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே, 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் யாரை எழுதுவது என்று நெடுநேரம் யோசித்துவிட்டுத் தங்கையின் பெயரையே எழுதினேன். "அவங்கதாங்களே நோயாளி?" என்றார் அந்த அம்மா. "வேற ஆள் இல்லீங்க" என்றேன். அவர் பாரத்தை வாங்கிக்கொண்டார்.

பிறகு சிறுநீரக டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். சின்ன வயது அம்மா. நான் ஊன்றுகோலோடு உள்ளே வந்து உட்காரும் வரை என் கால்களையே பார்த்தார். உட்கார்ந்ததும் என் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த ரத்த டெஸ்ட் உங்களுக்குப் போதாதுங்க. இன்னொரு டெஸ்ட் பண்ணணும்" என்றார்.

"ஏனுங்க டாக்டர், கிட்னி கால்லயா இருக்குது?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கிட்னி கால்ல இல்லீங்க. ஆனா அந்த டெஸ்ட்டுல பாக்கற கழிவு கால்ல இருந்துதான் வருது" என்றார். கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாவதாம். என் கால்களில் தசையே இல்லை. கழிவு குறைவாக உண்டாவதால் ரத்தத்திலும் குறைவாகத்தான் தெரியும். சிறுநீரகம் ஜோராக வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

எனக்கு உடனே புரிந்தது. லோடு வராத நாளில் என் மேடைக்கு முன்னால் ஒரு லாரிகூட வரிசையில் நிற்காது. அதற்காக நான் சுறுசுறுப்பானவன் என்று யாராவது சொல்ல முடியுமா? புரிந்தது என்பதற்காகக் கோபம் போய்விடவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அதுவும் இந்தக் காலால் வந்த தப்பு மார்க் என்கிறாரே என்று இருந்தது.

புதுப் பரிசோதனையை அவரே விளக்கினார். ஸ்கேன் எடுக்கும்போது போடுகிற ஒரு மருந்தைக் கொஞ்சமாக, ஐந்து மில்லி, நரம்பில் செலுத்துவார்கள். உடம்பு அதை எதற்கும் பயன்படுத்திக்கொள்ளாது. அது எதோடும் சேராது, எதுவாகவும் மாறாது. சிறுநீரகம் வழியாக மட்டும் வெளியே போகும். இரண்டாவது மணி, மூன்றாவது மணி, நான்காவது மணி என்று ரத்தம் எடுத்து, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தால் சிறுநீரகத்தின் உண்மையான வேலை தெரிந்துவிடும். தசை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். "இருபத்துநாலு மணி நேரம் யூரினைப் பிடிச்சும் பாக்கலாங்க. ஒரு தடவை மறந்துட்டாலும் கணக்கு கெட்டுப்போயிரும். உங்க உடம்புல இருந்து ஒண்ண எடுக்கப்போறோம், உத்தேசமாப் பாக்கக் கூடாது" என்றார்.

ஒரு வியாழக்கிழமை போனேன். மாப்பிள்ளை கூட வருகிறேன் என்றார், கடையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஸ்கூட்டரை மல்லசமுத்திரத்தில் நிறுத்திவிட்டு பஸ் ஏறி, ஏழரை மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு நர்ஸ் என்னை எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஐம்பத்து நான்கு கிலோ என்று எழுதிக்கொண்டார். உயரம் அளந்தார். பிறகு மருந்து ஏற்றிய ஊசியை எடுத்து, நகைக்கடைத் தராசு மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு சின்னத் தராசில் வைத்தார்.

"ஊசிக்கு எதுக்குங்க எடை?" என்றேன்.

"போட்டு முடிச்ச பின்னாடியும் ஊசிக்குள்ள கொஞ்சம் மருந்து ஒட்டிட்டு நிக்குங்க. முழு ஊசி எடையில காலி ஊசி எடையைக் கழிச்சாத்தான் உள்ள போனது எவ்வளவுன்னு சரியாத் தெரியும்."

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. "நானும் இதே வேலைதானுங்க செய்யறேன். என்ன, என்ற தராசு கொஞ்சம் பெருசு" என்றேன். என்ன சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. சிரித்துவைத்தார். இடது கையில் மருந்து போட்டு, காலி ஊசியை மறுபடி தராசில் வைத்து எழுதிக்கொண்டார். "சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுவேன். வலது கையில ரத்தம் எடுப்பேன். எங்கியும் போயிராதீங்க" என்றார்.

காத்திருக்கும் இடத்தில் நான்கு மணி நேரம். சுற்றிலும் எல்லோரும் இரண்டு பேராக, மூன்று பேராக இருந்தார்கள். ஒரு பெண் தன் அம்மாவுக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பொட்டலத்தை நீட்டி, "கூட ஆரும் வரலீங்களா?" என்று கேட்டாள். "கீழ மருந்து வாங்கப் போயிருக்காங்க" என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. பொய் சொன்ன பிறகு, வராத அந்த ஆளுக்காக அடிக்கடி வாசலைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அந்த மருந்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வருகிறது, எல்லா இடத்துக்கும் போகிறது, யாரோடும் சேராமல், எதையும் மாற்றாமல், எதுவாகவும் மாறாமல் வெளியே போய்விடுகிறது. அது போனதற்கு அடையாளம்கூட இருக்காது. என் ஐம்பத்து நான்கு வருடத்தை யாரோ ஐந்து மில்லியில் அடைத்து எனக்கே ஊசி போட்ட மாதிரி இருந்தது. அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் அழுதால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், அது ஒரு சௌகரியம். தங்கை போன் செய்து, "என்னண்ணா பண்றே?" என்றாள். "டீ குடிச்சிட்டு ஜம்முனு உக்காந்திருக்கேன் அம்மிணி" என்றேன்.

நர்ஸ் மூன்று முறையும் வந்து கூப்பிட்டார். மூன்றாவது முறை மட்டும் நான்கு நிமிடம் தாமதம். எனக்குப் பதற்றமாகிவிட்டது. "பரவாயில்லீங்க, எடுத்த நேரத்த அப்படியே எழுதிட்டாப் போதும், கணக்குல சரியா வந்துரும்" என்றார். ரத்தத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, ஐந்து நாளில் முடிவு வரும் என்றார்கள்.

ஐந்தாம் நாள் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"ஐம்பத்தாறுதாங்க வந்திருக்கு" என்றார். "உங்களுக்கு எண்பதுக்கு மேல இருந்தாத்தான் ஒண்ண எடுக்க முடியும். ரெண்டு கிட்னியும் சேந்தே ஐம்பத்தாறு. உங்ககிட்ட இருந்து எடுத்தா உங்க தங்கச்சி படற கஷ்டத்த நீங்களும் படுவீங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். மாப்பிள்ளையின் போனை எடுக்கவில்லை. தங்கையிடம், முடிவு இன்னும் வரவில்லை என்று சொன்னேன். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் காலை, மேடையில் ஒரு கிழங்கு லாரி. லோடு எடையில் இருந்த தார்ப்பாய், சங்கிலி, ஜாக்கி எதுவும் காலி எடையில் இல்லை. நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

"ஏப்பா, லோடோட வந்த இரும்பெல்லாம் எங்கே போச்சு? கெழங்கோட சேத்து வித்துப்போட்டயா?"

கத்திவிட்டு உட்காரும்போது என் கால் மேசையில் இடித்தது. டங் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன், காலிப்பர். எடை மெஷினில் நான் காலிப்பரோடு ஏறியிருக்கிறேன். நர்ஸும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இருபத்தெட்டு வருடமாக ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும் காலி எடையைக் கழித்துக் கொடுத்தவன், என் காலில் மாட்டியிருந்த இரும்பைக் கழிக்க மறந்திருக்கிறேன். அது என் உடம்பில் சேர்த்தி என்றே ஆகிவிட்டது போலிருக்கிறது.

வாழ்க்கையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. எடை தப்பு என்றால் கணக்கு தப்பு. கணக்கு தப்பு என்றால் ஐம்பத்தாறும் தப்பு. மேடையைப் பூட்டினேன். டிரைவர் சீட்டுக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பஸ் எல்லாம் பார்க்கவில்லை. அட்டையாம்பட்டி வழியாக ஒரே ஓட்டமாகச் சேலம் வந்து சேர்ந்தேன்.

டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதாங்க, உடம்பு அளவ வெச்சுத்தான் முடிவு போடறோம், அது தப்பாத்தான் போயிருக்கு. எடை கொறஞ்சா முடிவு கூடுங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றினேன். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மெஷினில் ஏற்றி, பிறகு மெல்ல விட்டார்கள். ஐம்பத்து ஒன்று. காலிப்பரைத் தனியாக வைத்துப் பார்த்தார்கள், மூன்று கிலோ. டாக்டர் கம்ப்யூட்டரில் எடையை மாற்றினார். நான் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

ஐம்பத்தெட்டு.

"ரெண்டு கூடியிருக்குங்க" என்றார்.

"ரெண்டுதானுங்களா?"

"ரெண்டுதாங்க."

அடுத்து நான் செய்ததைத் தங்கையிடம் இன்றுவரை சொல்லவில்லை. "டாக்டரம்மா, எண்பதுன்னு ஒரு சீட்டு அடிச்சுக் குடுத்திருங்க. எனக்கு ஒண்ணும் ஆனாப் பரவால்லீங்க. எனக்குன்னு ஆரும் இல்ல, கேக்கறதுக்கும் ஆளில்ல" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். மிக்ஸி கொண்டுவந்தவன்கூட என்னிடம் அவ்வளவு கெஞ்சியதில்லை.

அவர் எழுந்து வந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். "நான் எண்பதுன்னு எழுதிட்டா, உங்க தங்கச்சி உடம்புக்குள்ள போய் அது எண்பதா வேலை செய்யுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, "வலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார். ஊன்றுகோலால் தோள்பட்டை வலிக்கும். மெடிக்கலில் வாங்கி இரண்டு வேளையும் போட்டுக்கொள்வேன். பதினைந்து வருடப் பழக்கம். சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "அந்த மாத்திரை கிட்னியக் கெடுக்குங்க, இன்னிக்கோட நிறுத்திருங்க. தண்ணி நல்லாக் குடிங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க. இனி நீங்களும் எங்க பேஷண்டுதான்" என்றார்.

கொடுக்க வந்த இடத்தில் எனக்கும் ஒரு சீட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக ஓமலூர் போனேன். அன்றைக்குத் தங்கைக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஊசி குத்திக் குத்தி இடது கை கயிறு முறுக்கினாற்போலப் புடைத்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு சின்ன பாட்டில். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் அவள் குடிக்கக் கூடாது, அதைக் காலையிலேயே அளந்து அந்த பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவார்கள். மத்தியானத்துக்குள் பாதிக்கு வந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவளுக்கு எதிரில் தண்ணீர் குடிக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வராது. மாப்பிள்ளை சமையலறைக்குள் போய்த்தான் குடிப்பார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பத்தாறு, காலிப்பர், ஐம்பத்தெட்டு, மாத்திரை. மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிங்க மச்சான், நாம என்ன பண்றது" என்று சொல்லி வெளியே போனார். கடையைத் திறக்க நேரமாகிவிட்டதாம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அழுவதற்கு ஒரு இடம் வேண்டுமல்லவா.

தங்கை அழவில்லை.

"எனக்குக் கெட்டுப்போச்சு, குடுக்கறேன்னு நீ வந்தே" என்றாள். "உன்றது கெட்டுப்போனா ஆருண்ணா வருவா?"

அதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. ஐம்பத்தாறு என்று கேட்டதிலிருந்து அவளுக்குக் கொடுக்க முடியாது என்பதுதான் மனசில் இருந்ததே தவிர, அது என் சிறுநீரகம், எனக்கும் அது வேண்டும் என்று தோன்றவே இல்லை. "ஆராச்சும் வருவாங்க, உடு" என்றேன். அவளுக்கு என்னைத் தெரியும். அப்போதுதான் அவள் அழுதாள். ஒரு தடவையாவது அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று போனவன், இருக்கும் கவலை போதாதென்று இன்னொரு கவலையைக் கொடுத்துவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் தடுத்தும் கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். வரும்போது கையில் ஒரு பெரிய சொம்பு, நிறையத் தண்ணீர்.

"டாக்டரு நெறையக் குடிக்கச் சொன்னாங்கதானே? குடி."

"அப்பறமாக் குடிக்கறேன் அம்மிணி."

"எங்கே குடிப்பே? ஊட்டுல ஆரு இருக்கா, குடிச்சயான்னு கேக்க? என்ற கண்ணு முன்னால குடி."

வாங்கிக்கொண்டேன். அவளைப் பார்த்துக்கொண்டு குடிக்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை திறந்தபோது, ஒவ்வொரு மடக்கும் இறங்குவதை என் தொண்டையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையும் என்னோடு சேர்ந்து அசைந்தது. சொம்பைக் காலி செய்து கொடுத்தேன்.

"இன்னொரு சொம்பு கொண்டாரட்டாண்ணா?" என்று கேட்டாள்.